வண்டிக்கும் கால் உண்டு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மழை தூறிக்கொண்டிருந்தது. காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு நான் வாசல் பக்கம் வந்தபோது, என் தமக்கை புடவைத் தலைப்பால் தலையைத் துடைத்தபடி படியேறி வந்தாள்.

"என்ன அக்கா, நீ மட்டும் வருகிறாய்? எல்லோருமாகக் காரில் அல்லவா ஏற்காட்டுக்குப் போனீர்கள்?" என்று கேட்டேன்.

"போகும்போது காரில்தான் போனோம். வரும்போது பாதி மலையில் இறங்கிப் பஸ் பிடித்து வந்தேன். இனிமேல் உன் அருமை மருமான் காரில் நான் காலை வைத்தால், என்னை ஏன் என்று கேள்!" என்றாள்.

என் கையிலிருந்த காபி அவள் கைக்குப் போயிற்று. பாதி டம்ளர் காலியானதும் விஷயம் வெளியே வந்தது.

என் மருமானுக்கு இருபத்தாறு வயது. நல்ல பிள்ளை. பெரியவர்களிடம் மரியாதை, வேலையில் சிரத்தை, சம்பளத்தில் சிக்கனம் எல்லாம் உண்டு. ஒரே ஒரு பலவீனம், அவனுடைய கார். பழைய காராக வாங்கியதுதான். சின்னஞ்சிறு சிவப்பு வண்டி. ஆனாலும் எஞ்சின் சுறுசுறுப்பானது. மிதித்தால் துள்ளிக்கொண்டு கிளம்பும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் அவனுக்கு இருபது திருநாட்கள்.

அப்படிப்பட்ட வண்டியை அவன் இரண்டு மாதத்துக்கு முன்பு 'அபிவிருத்தி' செய்தான். வேறோர் ஊரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், ஸ்பிரிங்குகளை வெட்டி வண்டியைத் தரைக்கு நெருக்கமாக இறக்கினான். பின்னால் ஒரு தடித்த கம்பியையும் கூடுதலாகப் பூட்டிக்கொண்டான். இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. "இப்போது பாருங்கள் மாமா, வண்டி தண்டவாளத்தில் போகிற மாதிரி போகும்" என்று எனக்குக் காட்டினான். வண்டி பார்ப்பதற்குப் பதுங்கியிருக்கும் சிறுத்தைக் குட்டி போலத்தான் இருந்தது. எனக்கு உள்ளே போவதற்கு மட்டும் கொஞ்சம் தோப்புக்கரணம் தேவைப்பட்டது.

அந்த வண்டியில்தான் அன்றைக்கு அக்காவும் இரண்டு உறவுக்காரப் பெண்மணிகளும் பின் ஆசனத்தில் ஏறி, மலைக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார்கள். இறக்கத்தில் ஒரு வளைவு. ரோடு நனைந்திருந்தது. வேகம் நாற்பதுக்கு மேல் இல்லை என்று மருமான் சத்தியம் செய்கிறான். அக்காவும் அதை மறுக்கவில்லை. வளைவின் நடுவில் ரோட்டை ஒட்டுப்போட்ட மேடு பள்ளம் ஒன்று இருந்தது. வண்டி அதில் விழுந்தது. அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். பயந்துபோய் அவன் காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தான். அடுத்த கணம் வண்டியின் பின்பக்கம் பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்க ஆசைப்பட்டது போல் வெளியே நகர்ந்தது. எதிரே ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. பஸ் டிரைவர் புண்ணியவான். பிரேக்கைப் போட்டு நின்றுவிட்டார். வண்டி தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

யாருக்கும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. அக்கா கதவைத் திறந்தாள், இறங்கினாள், கீழே போகிற அடுத்த பஸ்ஸில் ஏறினாள். அவ்வளவுதான் கதை.

"என் மேல் கோபம் இருந்தால் திட்டட்டும் மாமா. ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போய்விட்டாள்!" என்று மருமான் இரவு வந்து என்னிடம் புலம்பினான். அவனுடைய முகத்தைப் பார்க்க எனக்கே பரிதாபமாக இருந்தது. "கையாளுவதற்கு நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே இவ்வளவு செலவு செய்தேன்? எங்கே தப்பு?" என்று கேட்டான்.

கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடித்தான் மறுநாள் அவனை நான் எனக்குத் தெரிந்த ஒரு கிழ மேஸ்திரியிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் கம்ப்யூட்டரைக் கொண்டுவரவில்லை. முதலில் வண்டியின் ஒரு மூலையை இரண்டு கைகளாலும் அமுக்கி விட்டார். நல்ல ஷாக் அப்சார்பர் உள்ள வண்டி கீழே போய், மேலே வந்து, சமர்த்தாக நின்றுவிடும். இது மூன்று தரம் ஆடிவிட்டுத்தான் ஓய்ந்தது. குனிந்து பார்த்தார், ஷாக் அப்சார்பரின் மேல் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தது. பிறகு ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். சக்கரம் தொங்கியதும், வெட்டப்பட்ட ஸ்பிரிங் தன் இருப்பிடத்தில் இறுக்கமாக உட்காராமல், மெலிந்த கையில் வளையல் ஆடுவதுபோல் கடகடவென்று ஆடிற்று.

"தம்பி, ஏதாவது பள்ளத்திலே சக்கரம் தொங்கி, இது இடம் மாறி உட்கார்ந்திருந்தா என்ன ஆயிருக்கும், யோசிச்சீங்களா?" என்றார் மேஸ்திரி.

மருமான் பதில் சொல்லவில்லை.

நேயர்களில் கார் வைத்திருப்பவர்கள் பலர் இருப்பீர்கள். உங்கள் வீட்டிலும் இத்தகைய பிள்ளை ஒருவன் இருக்கலாம். ஆகையால், அன்று அந்தப் பட்டறை முக்காலியில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டதையும், பிறகு படித்துச் சரிபார்த்துக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன்.

காருக்கும் ரோட்டுக்கும் உள்ள சம்பந்தம் எவ்வளவு தெரியுமா? நாலு உள்ளங்கை அளவு. ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலத்துக்குத்தான் ரோட்டைத் தொடுகிறது. திரும்புவதும் நிற்பதும் ஓடுவதும் அந்த நாலு உள்ளங்கைகளின் தயவில்தான். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், கம்பிகள், ரப்பர்கள் எல்லாம் சேர்ந்த சஸ்பென்ஷனுக்கு உள்ள தலையாய வேலை, ரோடு எப்படி இருந்தாலும் அந்த உள்ளங்கைகள் தரையை விடாமல் பார்த்துக்கொள்வதுதான். நமக்கு வண்டி குலுங்காமல் இருப்பது அதோடு சேர்ந்து கிடைக்கிற லாபம்.

மேஸ்திரி இதை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "டயர் ரோட்டை விட்டுட்டா, அப்புறம் நீங்களும் பாசஞ்சர்தான் தம்பி."

இதில் ஸ்பிரிங்கின் உத்தியோகம் பாரத்தைச் சுமப்பதும், மேட்டின் அடியை வாங்கிக்கொள்வதும். அடியை வாங்கிய ஸ்பிரிங் சும்மா இருக்காது. ஊஞ்சலைப்போல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெயைச் சின்னச் சின்னத் துவாரங்களின் வழியே தள்ளி, ஆட்டத்தைச் சூடாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகிறது. பெயர் வைத்தவர்கள் மாற்றி வைத்துவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். அதிர்ச்சியைத் தாங்குவது ஸ்பிரிங். பெயர் மட்டும் மற்றவருக்கு!

சாதாரணக் கார்களின் ஸ்பிரிங், நிமிடத்துக்கு ஏறக்குறைய அறுபதிலிருந்து தொண்ணூறு ஆட்டம் வரும்படி அமைக்கப்படுகிறது.  1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை செய்த மாரிஸ் ஓலி என்ற இஞ்சினியர், ஒரு காரில் எடைகளை இங்கும் அங்கும் மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்து, முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிடச் சற்று மென்மையாக இருந்தால் வண்டி ஆடாமல் அமைதியாகப் போகும் என்று கண்டுபிடித்தார். மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது; பின் சக்கரம் தாமதமாக ஏறுகிறது. பின்னால் உள்ளது கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் இரண்டும் ஒரே சமயத்தில் ஓய முடியும். இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்துப் பொருத்திய ஸ்பிரிங்கைத்தான் ஒரு மனிதர் ரம்பத்தை எடுத்து அறுத்துவிட்டார்!

அறுத்தால் என்ன ஆகிறது? வேலை செய்கிற சுற்றுகள் ஆறு இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை எடுத்துவிட்டால் மீதி ஐந்து. ஸ்பிரிங் நூற்றுக்கு இருபது பங்கு கடினமாகிவிடுகிறது. பழைய ஸ்பிரிங்குக்கு என்று அளவெடுத்த ஷாக் அப்சார்பர், அதுவும் வயசாகி எண்ணெய் கசிவது, இந்தப் புது முரட்டுத்தனத்தை எப்படி அடக்கும்? மாட்டுக்காரப் பையனிடம் ஜல்லிக்கட்டுக் காளையைக் கொடுத்த மாதிரிதான்.

இன்னொன்று. வண்டி கீழே இறங்கியதால், சக்கரம் மேலே எழும்புவதற்கு இருந்த இடம் குறைந்துவிட்டது. கடைசியில் முட்டுவதற்கென்று ஒரு ரப்பர் கட்டை உண்டு. மூன்று பேர் பின்னால் உட்கார்ந்ததும் அந்தக் கட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரண்டு விரற்கடைதான் பாக்கி. அன்று வளைவில் பள்ளம் வந்தபோது கேட்ட 'டங்' என்பது அந்தக் கட்டையின் குரல். அந்தக் கணத்தில் ஸ்பிரிங் என்பதே இல்லை, வண்டி முழுவதும் டயரின் மேல் நேராக இடித்தது, டயர் துள்ளிற்று. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பாரம் முன்னால் போய்ப் பின்பக்கம் இலேசாயிற்று. மீதியைப் பின்னால் பூட்டிய தடிக் கம்பி பார்த்துக்கொண்டது.

அந்தக் கம்பியின் சமாசாரம் சுவையானது. வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது அல்லவா? இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரு முறுக்குக் கம்பியால் இணைத்துவிட்டால் சாய்வு குறையும். ஆனால் கம்பியின் பருமனைக் கொஞ்சம் கூட்டினாலும் அதன் கடினம் மிகவும் ஏறிவிடும். கணக்கில் நான்காம் அடுக்கு. 20 மில்லிமீட்டர் கம்பியை 24 மில்லிமீட்டர் ஆக்கினால், கடினம் இரட்டிப்புக்கும் கொஞ்சம் அதிகம். அதோடு, எந்த அச்சில் கம்பியைத் தடிப்பாக்குகிறோமோ அந்த அச்சின் வெளிச் சக்கரம் அதிகப் பாரத்தை வாங்குகிறது. உள் சக்கரம் இலேசாகிறது. மொத்தத்தில் அந்த அச்சின் பிடிப்பு குறைகிறது. முன் சக்கரம் இழுக்கும் சின்னக் கார்கள் வளைவில் திரும்பச் சோம்பல்படும். பின்னால் கம்பி போட்டால் சுறுசுறுப்பாகத் திரும்பும் என்பது உண்மையே. காய்ந்த, வழவழப்பான பந்தயப் பாதையில் அது பெரிய சுகம். நனைந்த மலை ரோட்டில், பின்னால் மூன்று பெண்மணிகளோடு போகும்போது, அந்தச் சுறுசுறுப்பு சற்று அதிகம்.

"ஆனால் மாமா, வண்டியை இறக்கினால் வளைவில் நல்லது என்று எல்லோரும் சொல்லுகிறார்களே?" என்றான் மருமான்.

பொய் இல்லை. எவ்வளவு நல்லது என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டோம். ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ உள்ள வண்டி. அதன் பாரத்தின் மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரம். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே ஒன்றரை மீட்டர். தன் எடையில் பத்தில் ஆறு பங்கு விசை பக்கவாட்டில் இழுக்கும்படி ஒரு வளைவில் வேகமாகத் திரும்பினால், உள் பக்கத்திலிருந்து வெளிப் பக்கத்துக்கு 264 கிலோ பாரம் மாறுகிறது. வண்டியை மூன்று சென்டிமீட்டர் இறக்கிவிட்டால் அது 250 கிலோ ஆகிறது. ஆதாயம் 14 கிலோ. அதற்கு விலையாக நாம் கொடுப்பது சக்கரத்தின் ஓட்டத்தில் மூன்று சென்டிமீட்டர். நம் ஊர் வேகத்தடைகளைப் பார்த்தவர்கள் இந்த வியாபாரம் லாபமா நஷ்டமா என்று தாங்களே தீர்மானிக்கலாம்.

மேலும், இந்த மாதிரிக் கார்களின் முன் சக்கரம் மக்பர்ஸன் ஸ்ட்ரட் என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. கீழ்க் கை ஒன்று. மேலே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண் ஒன்று. வண்டியை அதிகமாக இறக்கிவிட்டால் கீழ்க் கை வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது வண்டி சாய்வதைத் தடுக்கும் நெம்பு குறைந்து, சாய்வதற்கான நெம்பு கூடுகிறது. ஸ்டீரிங் தண்டின் சாய்மானமும் மாறுவதால், மேட்டில் ஏறும்போது நாம் திருப்பாமலே சக்கரம் கொஞ்சம் திரும்பும். சாய்வைக் குறைப்பதற்காகச் செய்த காரியம் சாய்வுக்கே துணை போவதைப் பார்த்தீர்களா!

இந்த இடத்தில் எனக்கு என் தகப்பனாரின் கார் ஞாபகத்துக்கு வந்தது. அவர் வைத்திருந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டாகப் பிறந்த வண்டி; 1961 முதல் சென்னையில் செய்தார்கள். சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளத்தில், பந்தயம் நடந்த நாட்களில் ஹெரால்டுகளும் பியட்டுகளும் ஓடியது உண்டு. அதன் பின் சக்கரங்களுக்குத் தனித் தனி அச்சு. நடுவில் உள்ள பெட்டியிலிருந்து இரண்டு பக்கமும் தோள்பட்டையிலிருந்து கை தொங்குவதுபோல் அச்சு அசையும். மேலே குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். கெட்ட ரோட்டில் சுகமான ஏற்பாடு. ஆனால் வளைவில் மிகவும் வேகமாகப் போய் நடுவில் சட்டென்று காலை எடுத்தால், பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். வெளிச் சக்கரம் கணுக்காலை மடக்குவதுபோல் உள்ளே மடங்கி, விளிம்பில் நிற்கும். இது அந்த மாதிரி அச்சு உள்ள எல்லா வண்டிகளுக்கும் பொதுவான குணம். என் தகப்பனார் அதை நன்றாக அறிந்தவர். "வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை, உள்ளே போன பிறகு பயந்து காலை எடுக்காதே" என்பார். அந்தப் புத்திமதி இன்றைக்கும் பழையதாகவில்லை.

இதே சட்டத்தின் மேல்தான் 1962-இல் டிரையம்ப் கம்பெனியார் ஸ்பிட்பயர் என்ற அழகான இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டினார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் வாலிபர்கள் வேகமாகத்தானே போவார்கள்? பின்பக்கத்தின் அந்தக் குணம் பெரிய தலைவலியாயிற்று. 1970-இல் மார்க் நான்கு என்ற மாதிரியில் அதற்கு ஒரு பரிகாரம் கண்டார்கள். என்ன பரிகாரம் என்று நினைக்கிறீர்கள்? பின் ஸ்பிரிங்கைக் கடினமாக்கினார்களா? இல்லை. பட்டைகளில் ஒன்றை மட்டும் நடுப்பெட்டியோடு இறுகப் பிணைத்து, மற்றவற்றை நடுவில் தராசு முள்போல் ஆடும்படி விட்டுவிட்டார்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் முழுப் பலத்தோடு தாங்கும். வளைவில் சாயும்போது மட்டும் இணங்கிப் போகும். அதற்கு ஈடாக முன் கம்பியைத் தடிப்பாக்கினார்கள். பின்னால் விட்டுக்கொடுத்தார்கள்; முன்னால் பிடித்துக்கொண்டார்கள்; வண்டி சாதுவாயிற்று.

இதே 1962-இல் வெளிவந்த லோட்டஸ் எலான் இன்னொரு சாட்சி. காலின் சாப்மன் செய்த இந்தச் சின்ன வண்டி 700 கிலோகூட இல்லை. திரும்புவதில் அதற்கு நிகர் இல்லை என்று இன்றைக்கும் கார் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். அதன் ஸ்பிரிங்குகளோ மென்மையானவை; அவற்றை அடக்கும் ஷாக் அப்சார்பர்கள் கச்சிதமானவை. பந்தயக் கார்கள் கல்லைப்போல் கடினமாக இருப்பதைப் பார்த்து நாம் ஏமாந்துபோகிறோம். அவற்றின் ரோடு கண்ணாடி மாதிரி; காற்றே அவற்றை அமுக்கிப் பிடிப்பதால், உயரம் மாறாமல் காப்பதற்கு அவற்றுக்குக் கடினம் தேவை. நம் வண்டியை அமுக்குவதற்குக் காற்று வரப்போவதில்லை. பின் ஆசனத்து உறவினர்கள்தான் அமுக்குவார்கள்.

இவ்வளவும் கேட்ட மருமான், "அப்படியானால் கம்பெனிக்காரன் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டு சாது மாதிரி ஓட்ட வேண்டியதுதானா?" என்று சோர்ந்துபோய்க் கேட்டான்.

"யார் சொன்னது?" என்றார் மேஸ்திரி. "நல்லாப் பண்ணலாம். வரிசையாப் பண்ணணும்."

அந்த வரிசையை மருமான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். எனக்கும் ஒரு பிரதி உண்டு, உங்களுக்கும் தருகிறேன்.

முதலில் டயர். அவன் டயர்களின் உள் விளிம்பு வழுக்கைத் தலையாகியிருந்தது. வண்டி இறங்கியதால் சக்கரத்தின் நிலை கோணியதன் பலன். கம்பெனி குறித்த அளவிலேயே நல்ல பிடிப்புள்ள டயர் நாலு வாங்கியாயிற்று. காற்று அளவை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் பார்க்க வேண்டும். கையாளும் குணத்துக்காகச் செய்யக்கூடிய செலவுகளில், காற்றழுத்தம் பார்ப்பதைவிட மலிவான வைத்தியம் வேறு கிடையாது.

இரண்டாவது ரப்பர் புஷ்கள். கீழ்க் கைகள் சட்டத்தோடு சேரும் மூட்டுகளில் உள்ள ரப்பர்கள் வெடித்துப் போயிருந்தன. நம் முழங்கால் மூட்டுத் தேய்ந்தால் நடை எப்படியோ, அப்படி. புதிது போட்டபோது மேஸ்திரி ஒரு நுட்பம் காட்டினார். வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்த நிலையில் போல்ட்டுகளை இறுதியாக முறுக்கக் கூடாது. வண்டி தன் காலில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழிந்துபோகும்.

மூன்றாவது ஷாக் அப்சார்பர். நாலையும் மாற்றினார்கள், குறைந்தபட்சம் ஒரே அச்சின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதைவிடச் சற்று உறுதியானதாக, அந்த வண்டிக்கென்றே செய்யப்பட்டதாக வாங்கினான். வெட்டிய ஸ்பிரிங்குகளைத் தூக்கி எறிந்துவிட்டு, கம்பெனி அளவுள்ள புது ஸ்பிரிங்குகளைப் போட்டார்கள். இன்னும் உயரம் குறைக்க ஆசைப்படுகிறவர்கள், அந்த ஸ்பிரிங்குக்கும் அந்த ஷாக் அப்சார்பருக்கும் பொருத்தம் பார்த்துச் சேர்த்து விற்கிற செட்டாக, கொஞ்சமே இறக்குவதாக வாங்க வேண்டும். கல்யாணத்துக்கு மட்டுமா ஜாதகம் பார்க்க வேண்டும்?

நாலாவது வீல் அலைன்மென்ட். எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசியில் இது உண்டு. தடிக் கம்பி கழற்றப்பட்டு, இப்போது எங்கள் வீட்டுக் கொல்லையில் பாகல் கொடிக்குப் பந்தல் காலாக இருக்கிறது. மிக நல்ல பிடிப்பு.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியபின் ஒரே ரோட்டில் ஓட்டிப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். நாலையும் ஒரே நாளில் மாற்றினால், வண்டி கெட்டாலும் காரணம் தெரியாது. நன்றாயிருந்தாலும் காரணம் தெரியாது. சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எந்த மாற்றத்தையும் செய்யுமுன் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுக்கொள்வது நல்லது. விபத்து நடந்த பிறகு கேட்கும் கேள்விகளுக்குப் பதில் கசப்பாக இருக்கும்.

வேகமாகத்தான் வளைக்க வேண்டும் என்று கை துறுதுறுத்தால், அதற்கும் நம் ராஜ்யத்தில் இடம் இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவைக்கு அருகே செட்டிபாளையத்திலும் பந்தயப் பாதைகள் இருக்கின்றன. எதிரே பஸ் வராது. பக்கத்தில் பள்ளத்தாக்கும் கிடையாது.

வண்டி தயாராயிற்று. ஆனால் அக்கா தயாராகவில்லை. மூன்று வாரம் அவள் மகனுக்குச் சோறு போட்டாள். சட்டை மடித்துக் கொடுத்தாள். காரைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் சமையலறைக்குள் போய்விட்டாள். மருமான் தனியாக நாலு தடவை மலை ஏறி இறங்கி, நோட்டுப் புத்தகத்தை நிரப்பினான். ஐந்தாம் தடவை நான் கூடப் போனேன். அதே வளைவு, அதே ஒட்டுப்போட்ட ரோடு. சக்கரம் பள்ளத்தில் இறங்கிற்று, ஏறிற்று. வண்டி தன் பாட்டுக்குத் திரும்பிற்று. 'டங்' இல்லை. அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "ரோட்டைப் பாரடா!" என்றேன்.

கடைசியில் அக்காவிடம் நான் தூது போனேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. ஏற்காட்டில் சித்தி வீட்டுக்கு ரசம் கொண்டுபோகிறேன். காலடியில் தூக்குப் பாத்திரத்தில் இருக்கும். ஒரு சொட்டு சிந்தினாலும் அங்கேயே இறங்கிப் பஸ்ஸுக்கு நிற்பேன்" என்றாள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். அடிவாரத்தில் அக்கா முன் ஆசனத்தின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வளைவில் ஒரு கை மடிக்கு வந்தது. ஐந்தாவதில் மற்றக் கையும் வந்தது. மருமான் ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் நிதானமாக வேகத்தைக் குறைத்தான். என் தகப்பனாரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது. பத்தாவது வளைவில் பின்னாலிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அக்கா ஜன்னல் ஓரம் தலையைச் சாய்த்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஏற்காட்டில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும் விழித்துக்கொண்டாள். குனிந்து தூக்குப் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் விரித்திருந்த காகிதம் நனையவில்லை.

"ஏண்டா வண்டியை நிறுத்திவிட்டாய்? இன்னும் மலை ஏறவே ஆரம்பிக்கவில்லையே!" என்றாள்.

மருமானின் முகம் ஒரு கணம் வாடிப்போயிற்று. புது டயர் நாலு, ஷாக் அப்சார்பர் நாலு, ரப்பர் இத்தனை, மூன்று வார அலைச்சல், ஒரு நோட்டுப் புத்தகம். இதில் எதையுமே அவள் கவனிக்கவில்லையே என்று அவனுக்குக் குறை. நான்தான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். கொஞ்சம் பொறுத்து அவனுக்கே விளங்கி, ஏரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான்.